ஹர்ஷினியின் கருப்புப் பல்லுக்கு நான்தான் பொறுப்பு

ஏழாயிரம்பண்ணை
ஆவணி 18, புதன்கிழமை

அன்பு மகன் ஜெயபாண்டிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மருமகள் மாரிசெல்வியும் பேத்தி ஹர்ஷினியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது, அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கண் எரிச்சல் இல்லாமல், அச்சு மெஷின் பக்கத்தில் கவனமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது கிழவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் மூன்று தரம் ஆரம்பித்தேன், மூன்று தரமும் அவளுக்குப் பரிஞ்சு பேசாதீக என்று சொல்லி வைத்துவிட்டாய். காகிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட முடியாது, கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு ஆறின பிறகு மறுபடி எடுக்கலாம். ஆமத்தூர் செல்வக்குமார் லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட் திரும்புகிறான், அவன் பையில் இது வருகிறது, கூடவே கொஞ்சம் கருவாடும் பருப்புப் பொடியும். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு என்பதால் அவனே உன் ரூமுக்கு வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். கருவாட்டை அப்புறம் பிரித்துக்கொள், முதலில் இதைப் படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் பல்லில் அந்த மருந்தை வைக்கச் சொன்னது நான். மாரிசெல்விக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. பத்தொன்பது நாளாக நீ அவளோடு பேசாமல் இருக்கிறாயே, அந்தக் கோபம் முழுக்க என்மேல் வரவேண்டியது. சுதந்திர தினத்தன்று பட்டாசுக் கம்பெனி லீவு, அவள் வீட்டில் இருந்தாள், நீ வீடியோவில் கூப்பிட்டாய், பிள்ளை வாயைத் திறந்து சிரித்தது, முன்பல் நாலும் கருப்பு, உதட்டோரத்தில் கருப்பாக ஒரு திட்டு. நீ போட்ட சத்தம் அடுத்த வீடு வரைக்கும் கேட்டது. நான் இங்கன வெயில்ல கிடக்கேன், நீ ஒத்தப் பிள்ளையோட பல்லக்கூடப் பாக்க மாட்டியா, வெடிமருந்துப் பக்கம் கூட்டிட்டுப் போனியா என்று கேட்டாய். மாமாதான் பல்லுக்கு மருந்து வைக்கக் கூட்டிட்டுப் போனாக என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். சொல்லவில்லையே. நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், போனில் என் முழங்கால் தெரிந்திருக்கும். நானும் வாய் திறக்கவில்லை. இத்தனை வயசுக்கு அப்புறம் மகனுக்குப் பயந்து மருமகள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பிள்ளைக்கு இந்தச் சித்திரையிலிருந்தே பல் தொந்தரவு. பச்சைத்தண்ணீர் பட்டால் கூசும், சோற்றை ஒரே பக்கமாக ஒதுக்கி மெல்லும், முறுக்கைத் தொடவே தொடாது. முன்பல் நாலும் பழுப்பாகிக் கரைய ஆரம்பித்துவிட்டது, கடைவாயில் இரண்டில் ஓட்டை. அது யாரால் என்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஆறரைக்கெல்லாம் கம்பெனி வேன் வந்துவிடும், மாரிசெல்வி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், அம்மா போறாளே என்று பிள்ளை அழும், அழுகையை நிறுத்த நான் கடைக்குக் கூட்டிப்போய் தேன் மிட்டாய் வாங்கிக் கொடுப்பேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருஷமாக. எனக்கு மொத்தமே ஒன்பது பல்தான், பல்லின் அருமை எனக்கு என்ன தெரியும். நீ அனுப்பி வைக்கும் சாக்லேட் டப்பாவுக்கும் இதில் பங்கு உண்டு, சொல்லிக் காட்டக்கூடாது என்றுதான் நினைத்தேன், காட்டிவிட்டேன். மாரிசெல்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவகாசிக்குப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை, மெஷின் சத்தம் கேட்டதும் டாக்டர் விரலைக் கடித்துவிட்டது. அவர் பாவம், விரலை உதறிக்கொண்டே, மதுரைக்குக் கூட்டிப்போய் மயக்க ஊசி போட்டுத்தான் செய்யணும் என்று சொல்லிவிட்டார். தீபாவளி ஆர்டர் நெருக்குகிற நேரத்தில் மதுரைக்கு நாலு நாள் அலைய அவளுக்கு எங்கே லீவு கிடைக்கும். அப்படியே தள்ளிப்போயிற்று. இதெல்லாம் உனக்குச் சொன்னால் கவலைப்படுவாய் என்று நாங்கள் சொல்லவில்லை, அதுவும் தப்புதான்.

ஆடிக் கடைசியில் நம் தெரு பால்வாடிக்குப் பல் டாக்டர் ஒரு பெண் வந்தாள், பிரீத்தி என்று பேர், உன்னைவிடச் சின்ன வயசு. சுற்றுவட்டாரத்தில் ஒன்பது ஊருக்கு அவள் ஒருத்தி. மெஷின் கிடையாது, ஊசி கிடையாது, கரண்டுகூட வேண்டாம், ஒரு சின்னப் பெட்டிதான். சொத்தைப் பல்லைப் பஞ்சால் துடைத்து, வெள்ளி கலந்த ஒரு சொட்டு மருந்தைத் தூரிகையில் தொட்டு ஒரு நிமிஷம் வைத்தால் சொத்தை அதோடு நின்றுவிடும், பல் கெட்டியாகிவிடும் என்றாள். கடைவாய் ஓட்டை என்றால் கையாலேயே சின்னக் கரண்டியால் சுரண்டிவிட்டு வெள்ளைப் பசை வைத்து அடைத்துவிடலாம் என்றாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. மதுரை மயக்க ஊசி எங்கே, இது எங்கே. அதற்கப்புறம் அவள் என்னை உட்காரவைத்து, தாத்தா, இதை நல்லாக் கேட்டுக்கோங்க என்று நிதானமாகச் சொன்னாள். மருந்து பட்ட சொத்தை கருப்பாகிவிடும், அந்தப் பால்பல் விழுகிற வரைக்கும் அந்தக் கருப்பு போகாது, தோலில் பட்டால் பத்து நாள் கறை இருக்கும், வலி இருக்காது, இதை ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்லி, சம்மதம் என்றால் மட்டும் கையெழுத்து வாங்குங்கள் என்று சொல்லி, மருந்துக்கு முன்னாலும் பின்னாலும் பல் எப்படி இருக்கும் என்று படம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்தாள். ஊருக்குத் தெரிந்த ஆள், இருபத்தாறு வருஷம் போர்மேனாக இருந்தவர், பொறுப்பாகச் செய்வார் என்று பால்வாடி டீச்சர் சொன்னதால்தான் என்னிடம் அந்த வேலையைக் கொடுத்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா. அந்தப் படத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டேன். முன்பல் கருப்பாகும் என்று சொன்னால் ஒருத்தியும் சம்மதிக்க மாட்டாள், பொம்பளைப் பிள்ளையைப் பெற்றவள் நிச்சயம் மாட்டாள், பிள்ளைகளின் வலி அப்படியே கிடக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். திங்கள்கிழமை காலையில் வேன் நிற்கிற இடத்துக்குப் போனேன். வேன் கிளம்புகிற அவசரம் உனக்குத் தெரியும், ஒரு கையில் டிபன், ஒரு கையில் குழந்தை. சம்மதத் தாளை வேனின் மேலேயே வைத்து, பல் நல்லாகுறதுக்கு, போடுங்க, போடுங்க என்றேன். பால்வாடிப் பிள்ளைகளின் அம்மாக்கள் பத்துப் பேரும் போட்டார்கள். ஒருத்திகூட என்ன ஏது என்று கேட்கவில்லை. போர்மேன் கேட்டால் போட வேண்டியதுதானே, கம்பெனியில் எத்தனை ரிஜிஸ்டரில் அப்படி வாங்கியிருக்கிறேன். மாரிசெல்வியிடம் மட்டும் தாளை நீட்டவே இல்லை, அவள் படித்துப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை டாக்டர், ஹர்ஷினியோட அம்மா எங்கே தாத்தா என்று கேட்டாள். வேலைக்குப் போயிருக்கா, நான் எல்லாம் சொல்லிட்டேன், அவளுக்குச் சம்மதம் என்று சொல்லி நானே கையெழுத்துப் போட்டேன். துணிந்து சொன்ன பொய்.

கடைவாய் ஓட்டை இரண்டையும் அடைத்து, முன்பல்லில் மருந்து வைக்கும்போது பிள்ளை என் மடியில்தான் இருந்தது, அழவே இல்லை, கடைசியில் தலையைத் திருப்பியதில் ஒரு சொட்டு உதட்டில் பட்டுவிட்டது. சாயங்காலம் அவள் அம்மா வந்து பார்த்தபோது கருப்பு ஏறிவிட்டது. அவள் பிள்ளையின் வாயைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். என்ன மாமா இது என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் தட்டில் சோறு போட்டு எனக்கு முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள், திட்டியிருந்தால்கூட அந்தச் சோறு இறங்கியிருக்கும். மறுநாள் வேன் நிறுத்தத்தில் பிள்ளையின் உதட்டைப் பார்த்து யாரோ கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நம் பக்கம் குழந்தை மேல் கருப்புக் கறை இருந்தால் ஜனங்கள் வேறு எதை நினைப்பார்கள். ஆபீஸில் அவளைக் கூப்பிட்டு, பிள்ளையை உள்ள கூட்டிட்டு வாரியா, வெடிமருந்து ரூமில் உட்கார வைக்கியா, இன்ஸ்பெக்ஷன் வந்தா கம்பெனியை மூடிருவாங்க தெரியுமா என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்கள். டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுக்கிற வரைக்கும் அவளை உள்ளே விடவில்லை. நான் போய்ச் சொல்கிறேன் என்றதற்கு, நீங்க வரவேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டாள். அதற்கு இரண்டாம் நாள்தான் நீ வீடியோவில் கூப்பிட்டது. அந்த வாரம் அவள் பட்ட பாடு உனக்குத் தெரியாது, நீ அதற்கு மேலே ஏறி மிதித்தாய், என்னால்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை உன் அம்மா இருந்தவரைக்கும் அவளிடம்கூட நான் சொன்னதில்லை. தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பல் கருத்ததும் வீரலட்சுமி வந்தாள், மேலத்தெரு வீரலட்சுமி, நான் போர்மேனாக இருந்தபோது என் ரூமில் வேலை பார்த்தவள், வலது கை முழங்கை வரைக்கும் தீக்காயம் இருக்குமே அவள்தான். அவள் மகனுக்கும் முன்பல் இரண்டு. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவள் சண்டை போடவில்லை. அண்ணாச்சி, அன்னைக்கு ரிஜிஸ்டர்ல நீங்க கேட்டீக, போட்டேன், இன்னைக்குப் பிள்ளைக்கும் நீங்கதான் கேட்டீக, போட்டேன், இனிமே எதையாவது கேக்கதா இருந்தா என்னன்னு சொல்லிட்டுக் கேளுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கை வெந்த அந்த வருஷம் கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு எடுக்காமலேயே எடுத்ததாக எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியது நான்தான். வெடிமருந்துத் தட்டைத் தரையில் இழுக்கக்கூடாது, உரசினால் தீப்பிடிக்கும், தூக்கித்தான் வைக்கணும் என்று ஒரு வகுப்பு எடுத்திருந்தால் அவள் அன்றைக்கு இழுத்திருக்க மாட்டாள். எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தானே என்று இத்தனை வருஷம் என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை ராசா.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு பத்து வீட்டுக்கும் போனேன். இது கருக்கும் என்று டாக்டர் சொன்னாள், நான் மறைத்துவிட்டேன், அவள்மேல் தப்பு இல்லை என்று வாசலில் நின்றே சொன்னேன். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. ஒருத்தி மட்டும், வலிக்காம இருக்கே, அது போதும், ஆனா முதல்லயே சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேனே என்றாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது, அவர்களுக்கு யோசிக்கத் தெரியாது என்று நான் நினைத்தது எம்புட்டுப் பெரிய திமிர். டாக்டர் பிரீத்தியிடமும் போனில் சொன்னேன். உங்களை நம்பி நான் அடுத்த ஊருக்குப் போயிட்டேன் தாத்தா, நானே ஒவ்வொரு அம்மாவையும் பார்த்திருக்கணும், அது என் தப்பு என்றாள். பக்கத்து ஊரில் பல்லைக் கருக்குகிற டாக்டர் என்று பேர் பரவி, இப்போது அவளைப் பால்வாடிக்குள்ளேயே விடமாட்டேன் என்கிறார்களாம். அங்கே எத்தனை பிள்ளைகள் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ, அந்தக் கணக்கும் என் தலையில்தான்.

இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாலு பல்லையும் பிடுங்கிப் போடு, அப்புறம் எனக்கு போன் பண்ணு என்று அன்றைக்கு நீ சொன்னாய் அல்லவா, மாரிசெல்வி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். வருகிற திங்கள்கிழமைக்குச் சிவகாசியில் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள், கம்பெனியில் லீவும் சொல்லிவிட்டாள். வேண்டாம் தாயி, நல்லா இருக்கிற பல்லை ஏன் பிடுங்கணும் என்று கெஞ்சிப் பார்த்தேன். நீங்க சொல்லி ஒரு தடவை கேட்டாச்சு மாமா, அவுக சொன்னதைச் செஞ்சுட்டா பேச்சு முடிஞ்சுரும் என்கிறாள். என் பேச்சுக்கு இந்த வீட்டில் மதிப்பு போய்விட்டது, அது நியாயம்தான். ஆனால் பிரீத்தி சொன்னதை நீ கேள். பிடுங்க வேண்டிய பல்லாக இருந்தால் நானே பிடுங்கச் சொல்லியிருப்பேன், சீழ் இல்லை, வேர் வரைக்கும் போகவில்லை, கருப்பானது என்றால் சொத்தை நின்றுவிட்டது என்று அர்த்தம், ஆறு ஏழு வயசில் அது தானாக விழுந்து புதுப் பல் வெள்ளையாக வரும், நிறம்தான் குறை என்றால் கொஞ்ச நாள் கழித்து மேலே வெள்ளைப் பசை ஒட்டி முக்கால்வாசி மறைத்துவிடலாம், பயந்த பிள்ளையைப் பிடித்து வைத்து ஊசி போட்டு நாலு பல்லைப் பிடுங்கினால் அது ஆயுசுக்கும் டாக்டர் பக்கம் வராது என்றாள். பிள்ளை இப்போது இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுகிறது. முந்தாநாள் முறுக்கு கேட்டு வாங்கிக் கடித்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டு மாரிசெல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிவகாசி அச்சகத்தில் நீ வேலை பார்த்தபோது உன் நகக்கண் எல்லாம் மை ஏறியிருக்கும், உன் அம்மா ஒரு நாளும் அந்தக் கையைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. உழைக்கிற கை என்று அவளுக்குத் தெரியும். இதுவும் வேலை செய்கிற பல்தான்.

நான் ஒழுங்கானவன் என்று சொல்லவில்லை. வைத்தியம் நல்லது, நான் செய்த விதம் கெட்டது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. என்னைத் திட்டு, ஒரு மாசம் பேசாமல் இரு, நான் தாங்கிக்கொள்வேன். பெற்றவளிடம் கேட்காமல் அவள் பிள்ளையின் வாயில் மருந்து வைத்தேன், இப்போது பெற்றவள் மனசில்லாமலே உனக்குப் பயந்து பிள்ளையின் பல்லைப் பிடுங்கப் போகிறாள். நான் செய்ததையே நீயும் செய்யாதே.

கடைசியாக ஒன்று. போன வெள்ளிக்கிழமை நீ என் போனுக்குக் கூப்பிட்டு, வீடியோ வேண்டாம், குரல் போதும், பிள்ளையிடம் போனைக் கொடுங்க என்றாயே, அப்போது அது என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டே உன்னோடு பேசியது. குரல் சரியாகக் கேட்கவில்லை, சிக்னல் இல்லை என்று நீ என்னைச் சத்தம் போட்டாய். சிக்னல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன தாயி செய்யுற என்றேன். இப்படிச் சிரிச்சா அப்பாவுக்குத் தெரியாதுல்ல தாத்தா என்று கேட்கிறது. நாலரை வயசுப் பிள்ளை. அதற்குப் பதிலை நீதான் சொல்லணும்.

வெயிலில் வெறும் வயிற்றோடு வெளியே போகாதே, மோர் குடி, மெஷின் ஓடும்போது உருளையில் துணி வைத்துத் துடைக்காதே, செல்வக்குமாரைச் சாப்பிட வைத்து அனுப்பு. நம் காளியம்மன் உனக்குத் துணை இருப்பாள், நீ நீண்ட ஆயுசோடு நல்ல மனசோடு இருக்கவேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். இதைப் படித்து முடித்த கையோடு கூப்பிடு, திங்கள்கிழமைக்கு முன்னால் கூப்பிடு, வீடியோவில் கூப்பிடு. எனக்கு இல்லை, மாரிசெல்விக்கு. முதலில் அவளிடம் பேசு, என்ன செய்யலாம் என்று அவளைக் கேள். அதற்கப்புறம் பிள்ளையைக் கூப்பிட்டு, வாயை நல்லாத் திறந்து சிரி தாயி, அப்பா பாக்கணும் என்று சொல்லு.

உன் அப்பா,
பெத்தணன்